ஸ்ட்ராவா தரவை நம் செயலிக்குள் கொண்டுவருவது: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு ராமநாதபுரம் கரையோரத்திலிருந்து வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே பொருளைச் சுற்றியவை. ஓட்டம், சைக்கிள், நீச்சல் எல்லாம் ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிப் பதிவுச் செயலியில் பதிவாகிக் கிடக்கின்றன. அவற்றை ஏபிஐ (ஒரு சேவையிடம் இன்னொரு நிரல் தரவு கேட்டு வாங்கும் வழி) மூலம் சொந்தச் செயலிக்குள் எடுக்க என்ன விதி, எங்கே மாட்டிக்கொள்கிறோம் என்பதுதான் எல்லோரும் கேட்பது. விதிகளையும் எண்களையும் ஸ்ட்ராவா அவ்வப்போது மாற்றும். உங்கள் கணக்கின் ஏபிஐ அமைப்புப் பக்கத்தில் இங்கே உள்ளதைவிட வேறு எண் தெரிந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஓட்டக் குழுவில் 40 பேர். வாரந்தோறும் யார் எத்தனை கிலோமீட்டர் ஓடினார்கள் என்று ஒரு வலைப்பக்கத்தில் தரவரிசை போட நினைக்கிறோம். எல்லோரும் சம்மதம் சொல்லிவிட்டார்கள். அப்புறம் என்ன தடை? – மண்டபம் வாசகர்

பதில்: பெரிய தடையே இருக்கிறது. 2024 நவம்பரில் ஸ்ட்ராவா தன் ஏபிஐ ஒப்பந்தத்தைத் திருத்தியது. அதன்படி, ஒருவருடைய தரவை உங்கள் செயலி அந்த ஒருவருக்கு மட்டுமே காட்டலாம். ஸ்ட்ராவாவுக்குள் அது ஊரே பார்க்கும்படி திறந்து கிடந்தாலும் உங்கள் பக்கத்தில் இன்னொருவர் கண்ணில் படக் கூடாது. நாற்பது பேரும் சரி என்று சொன்னது அவர்களுக்கும் உங்களுக்கும் நடுவே உள்ள சம்மதம். ஏபிஐ சாவி வாங்கும்போது நீங்கள் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம் ஸ்ட்ராவாவோடு. முதலாவது இருந்தால் இரண்டாவது தானாக வந்துவிடாது.

கிளப் வழியாகச் சுற்றிப்போய்ப் பார்க்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு கிளப்பின் அண்மைப் பதிவுகளைத் தரும் ஏபிஐ அழைப்பு இருப்பது உண்மைதான். அதில் வருவது ஓடியவரின் முதற்பெயர், குடும்பப் பெயரின் முதலெழுத்து, பதிவின் தலைப்பு, தூரம், நேரம், ஏற்றம், விளையாட்டு வகை இவ்வளவே. பதிவின் அடையாள எண் கிடையாது, தேதியும் கிடையாது. எனவே ஒரே ஓட்டத்தை இரண்டு முறை கூட்டிவிட்டோமா என்று கண்டுபிடிக்க முடியாது, எந்த வாரத்து ஓட்டம் என்றும் தெரியாது. குழுவில் ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் உள்ளவர் இருவர் இருந்தால் கணக்கு அங்கேயே குழம்பும். விதி ஒருபுறம் இருக்கட்டும், பொறியியலாகப் பார்த்தாலும் இதன்மேல் தரவரிசை கட்டுவது வீண் வேலை.

நீங்கள் செய்யக்கூடியவை மூன்று. ஸ்ட்ராவாவுக்குள்ளேயே ஒரு கிளப் தொடங்கினால் வாரத் தரவரிசையை அதுவே காட்டும். நாற்பது பேருக்கு இது போதும், ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டாம். தனிப் பக்கம்தான் வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் தன் வாரக் கிலோமீட்டரைத் தானே ஒரு படிவத்தில் நிரப்பட்டும். அது ஏபிஐ வழியாக வந்த தரவு அல்ல. அல்லது கடிகாரத்திலிருந்து எடுத்த ஃபிட் கோப்பையோ ஜிபிஎக்ஸ் கோப்பையோ உறுப்பினரே உங்கள் பக்கத்தில் ஏற்றட்டும். அதையும் அவரே நேரடியாகத் தருவதால் ஏபிஐ ஒப்பந்தம் குறுக்கே வராது. மூன்றாவதுதான் எங்கள் பரிந்துரை. தட்டச்சுப் பிழை வராது, மிகைப்படுத்திச் சொல்வதும் குறையும். இவை எதுவும் சரிப்படாது, ஏபிஐ தரவையே குழுவுக்குக் காட்டியாக வேண்டும் என்றால் ஸ்ட்ராவாவிடம் விவரம் எழுதி, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு தொடங்குங்கள்.

கேள்வி: செயலியைப் பதிவு செய்தேன், டோக்கனும் கிடைத்தது. என் பெயர், படம் எல்லாம் வருகிறது. என் ஓட்டப் பட்டியலைக் கேட்டால் மட்டும் 401 பிழை. அதே டோக்கன்தானே? – கீழக்கரை, கல்லூரி மாணவி

பதில்: டோக்கன் என்பது செயலிக்குத் தரும் அனுமதிச் சீட்டு. உங்களுடையது செல்லுபடியாகும், ஆனால் அதற்குப் போதிய அதிகாரம் இல்லை. அமைப்புப் பக்கத்தில் ஸ்ட்ராவா காட்டும் டோக்கன் ‘ரீட்’ என்ற ஸ்கோப் (எதையெல்லாம் படிக்கலாம் என்ற அனுமதி எல்லை) மட்டும் கொண்டது. பொதுவான சுயவிவரத்தைப் படிக்க அது போதும். ஓட்டப் பட்டியலுக்கு ‘ஆக்டிவிட்டி:ரீட்’ வேண்டும். பிழைச் செய்தியின் உள்ளே இதுவே எழுதியிருக்கும். 401 என்ற எண்ணைப் பார்த்ததும் பலர் உள்ளே படிப்பதில்லை.

சரியான வழி ஓஆத் 2.0 என்ற அனுமதி முறை. அமைப்புப் பக்கத்தில் செயலியின் பெயர், வகை, வலைத்தளம் எல்லாம் கொடுத்து, ஒரு சின்னப் படமும் ஏற்றுங்கள். ‘கால்பேக் டொமைன்’ என்ற இடத்தில் டொமைன் பெயர் மட்டும் இருக்க வேண்டும். முன்னால் ‘எச்டிடிபிஎஸ்’ போடுவதும் பின்னால் சாய்கோடு போடுவதும்தான் ‘ரீடைரக்ட்’ பிழைக்கு முதல் காரணம். வீட்டுக் கணினியில் சோதிக்க ‘லோக்கல்ஹோஸ்ட்’ முன்கூட்டியே அனுமதிக்கப்பட்டிருக்கிறது.

பிறகு பயனரை அனுமதிப் பக்கத்துக்கு அனுப்புங்கள். கிளையன்ட் எண், திரும்பி வர வேண்டிய முகவரி, ரெஸ்பான்ஸ் டைப் ‘கோட்’, தேவையான ஸ்கோப் ஆகிய நான்கும் அந்த முகவரியில் இருக்க வேண்டும். அவர் சம்மதித்ததும் உங்கள் முகவரிக்கு ஒரு கோட் வரும். அதை ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். உங்கள் சர்வர் அந்தக் கோடையும் கிளையன்ட் ரகசியத்தையும் சேர்த்து அனுப்பினால், தரவு எடுக்க அணுகல் டோக்கனும், அது காலாவதியாகும்போது புதிது வாங்கப் புதுப்பிப்பு டோக்கனும் கிடைக்கும்.

இங்கே கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அனுமதிப் பக்கத்தில் நீங்கள் கேட்ட ஸ்கோப்புகளைப் பயனர் ஒவ்வொன்றாக டிக் எடுத்துவிட முடியும். ‘அனுமதி’யை அழுத்தியிருப்பார், ஆனால் ஓட்டத்தைப் படிக்கும் அனுமதியை எடுத்துவிட்டிருப்பார். திரும்பி வரும் முகவரியில் எந்த ஸ்கோப் கிடைத்தது என்று இருக்கும். அதைச் சரிபார்க்காமல் டோக்கனைச் சேமித்துவைத்தால் மறுபடி இதே 401தான்.

‘ஆக்டிவிட்டி:ரீட்_ஆல்’ என்று இன்னொன்று இருக்கிறது. ‘எனக்கு மட்டும்’ என்று பயனர் பூட்டிய பதிவுகளும், வீட்டைச் சுற்றி அவர் மறைத்த தடமும்கூட அதில் வந்துவிடும். காரணம் இல்லாமல் இதைக் கேட்காதீர்கள். பயனரும் தயங்குவார், ஸ்ட்ராவா பரிசீலிக்கும்போதும் கேள்வி வரும்.

கிளையன்ட் ரகசியத்தை ஆண்ட்ராய்டு செயலிக்குள் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. ஏபிகே என்ற நிறுவல் கோப்பைப் பிரித்தால் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும். சர்வரில் மட்டும் வையுங்கள்.

கேள்வி: என் கணக்கில் எல்லாம் ஓடுகிறது. நண்பரின் கணக்கை இணைத்தால் 403, ‘இணைந்தவர்களின் வரம்பு மீறியது’ என்கிறது. – ராமேஸ்வரம் வாசகர்

பதில்: புதிய செயலி எல்லாமே ஒரே ஒரு பயனருக்கான இடத்தோடுதான் தொடங்கும், அந்த இடம் உங்களுக்கே போய்விட்டது. எண்ணிக்கையைக் கூட்ட டெவலப்பர் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ‘கனெக்ட் வித் ஸ்ட்ராவா’ பொத்தான் இருக்கும் திரை, ஸ்ட்ராவா தரவு தெரியும் ஒவ்வொரு திரை எனப் படங்கள் கேட்பார்கள். பொத்தான் அவர்கள் தரும் படமாகவே இருக்க வேண்டும், நிறத்தை மாற்றி வரையக் கூடாது. தரவு தெரியும் இடத்தில் ‘பவர்டு பை ஸ்ட்ராவா’ அடையாளமும், மூலப் பதிவுக்கான லிங்க்கும் வையுங்கள். செயலியின் பெயரில் ‘ஸ்ட்ராவா’ என்ற சொல்லே வரக் கூடாது. ‘ராமேஸ்வரம் ஸ்ட்ராவா’ என்று நீங்கள் வைத்திருக்கும் பெயரோடு விண்ணப்பித்தால் திரும்பி வரும்.

கேள்வி: காலையில் வேலை செய்கிற செயலி மதியத்துக்கு மேல் நின்றுவிடுகிறது. புதுப்பிப்பு நிரல் எழுதினேன். இப்போது சில நாள் ஓடுகிறது, திடீரென்று சிலருக்கு மட்டும் இணைப்பு அறுந்துபோகிறது. – தங்கச்சிமடம் வாசகர்

பதில்: முதல் பாதிக்குக் காரணம் எளிது. அணுகல் டோக்கனின் ஆயுள் 6 மணி நேரம், அதாவது 21,600 விநாடி. காலை ஆறு மணிக்கு எடுத்தால் பகல் பன்னிரண்டுக்கு முடிந்துவிடும்.

இரண்டாவது கொஞ்சம் நுணுக்கமானது. புதுப்பிக்கும்போது புதிய அணுகல் டோக்கனோடு புதிய புதுப்பிப்பு டோக்கனும் வரலாம். வந்த நொடியே பழையது செல்லாது. பலர் அணுகல் டோக்கனை மட்டும் மாற்றி எழுதிவிட்டு, புதுப்பிப்பு டோக்கனை முதல் நாள் வந்ததோடு விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு பதிலிலும் வரும் இரண்டையும், காலாவதி நேரத்தையும் சேர்த்து ஒரே டேட்டாபேஸ் பரிவர்த்தனையில் எழுதுங்கள்.

சிலருக்கு மட்டும் அறுகிறது என்கிறீர்களே, அது பெரும்பாலும் இரட்டைப் புதுப்பிப்பு. சர்வரில் இரண்டு வேலைகள் ஒரே பயனருக்காக ஒரே சமயம் டோக்கன் புதுப்பிக்கப் போகின்றன. பிந்தி எழுதுகிற வேலை, செல்லாத பழையதை மேலே எழுதிவைத்துவிடுகிறது. பயனர் வாரியாக ஒரு பூட்டு போடுங்கள். பூட்டைப் பிடித்த பிறகு காலாவதி நேரத்தை மறுபடி படித்துப் பாருங்கள், மற்ற வேலை ஏற்கெனவே புதுப்பித்திருக்கலாம். இன்னொன்று: ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயுள் மிச்சமிருக்கும்போது புதுப்பிக்கக் கேட்டால் ஸ்ட்ராவா பழைய அணுகல் டோக்கனையே திருப்பித் தரும். அது பிழை அல்ல. ஆகவே கடைசி ஒரு மணி நேரத்தில் புதுப்பிப்பதுபோல் நிரல் எழுதினால் போதும்.

கேள்வி: 40 பேருக்கும் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘புதுப் பதிவு உண்டா’ என்று கேட்கிறேன். 429 (அழைப்பு வரம்பு மீறல்) வருகிறது. கட்டணம் கட்டினால் வரம்பு கூடுமா? – பரமக்குடியிலிருந்து உச்சிப்புளிக்கு வேலைக்கு வந்திருக்கும் வாசகர்

பதில்: பணத்தை யோசிக்கும் முன் கணக்கைப் பார்ப்போம். இயல்பான வரம்பு 15 நிமிடத்துக்கு 200 அழைப்பு, ஒரு நாளைக்கு 2,000. அதற்குள் படிக்கும் அழைப்புகளுக்குத் தனி வரம்பு உண்டு: 15 நிமிடத்துக்கு 100, நாளைக்கு 1,000. இவை முழுச் செயலிக்கும் சேர்த்து, ஆளுக்கு இவ்வளவு என்று அல்ல. நீங்கள் கேட்பது 40 பேர், மணிக்கு 4 தடவை, 24 மணி நேரம்: 3,840. பகல் 12 மணியைத் தாண்டாமலே நாள் வரம்பு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் விடாமல் தட்டினால், 15 நிமிட வரம்பை மீறித் தோற்ற அழைப்புகளும் நாள் கணக்கில் ஏறும்.

எந்நேரத்தில் கணக்கு புதிதாகும் என்பது தெரிந்திருப்பது நல்லது. 15 நிமிடக் கணக்கு மணியின் 0, 15, 30, 45 ஆகிய நிமிடங்களில் மீளும், நீங்கள் முதல் அழைப்பு விட்ட நேரத்திலிருந்து அல்ல. நாள் கணக்கு யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவில் மீளும். நமக்கு அது காலை 5.30. வெயிலுக்குப் பயந்து நம் கரையில் ஓட்டம் எல்லாம் அந்த நேரத்தையொட்டித்தான் நடக்கிறது என்பதால் இது நமக்குச் சாதகம். காலைப் பதிவுகள் ஏறத் தொடங்கும்போது முழு வரம்பும் கையில் இருக்கும். பழைய பதிவுகளை இழுக்கும் கனமான வேலையை இரவு வைத்துக்கொண்டு, முந்தைய நாளின் மிச்ச வரம்பை 5.30க்குள் செலவிடுங்கள். ஒவ்வொரு பதிலின் தலைப்பு வரிகளிலும் வரம்பும் அதுவரை செலவானதும் இருக்கும். நிரல் அதைப் படித்துத் தானே நின்றுகொள்ள வேண்டும்.

உங்கள் நோய்க்கு மருந்து வெப்ஹுக். நீங்கள் போய்க் கேட்காமல், புதுப் பதிவு ஏறியதும் ஸ்ட்ராவாவே உங்கள் சர்வருக்குச் செய்தி அனுப்பும். ஒரு செயலிக்கு ஒரே ஒரு சந்தாதான், அது எல்லாப் பயனருக்கும் பொது. சந்தா போடும்போது ஸ்ட்ராவா ஒரு சவால் எழுத்துத்தொடரை அனுப்பும். இரண்டு விநாடிக்குள் அதையே ஜேசன் என்ற தரவு வடிவில் திருப்பித் தர வேண்டும். அதன் பிறகு வரும் ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு விநாடிக்குள் 200 (கிடைத்தது) என்று பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மொத்தம் மூன்று முறை முயன்றுவிட்டு விட்டுவிடும். ‘செய்தி வந்தது, ஆனால் சில பதிவுகள் காணோம்’ என்பவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, செய்தி வந்த கையோடு அங்கேயே பதிவு விவரத்தை இழுக்கப் போவது. செய்தியை ஒரு வரிசையில் போடுங்கள், 200 சொல்லுங்கள், இழுக்கும் வேலையை வேறொரு நிரல் பிறகு செய்யட்டும். செய்தியில் பதிவின் எண்ணும் உரியவரின் எண்ணும்தான் இருக்கும், தூரமோ நேரமோ இருக்காது. 40 பேரும் தினமும் ஒரு முறை ஓடினால் விவரத்துக்கு 40, இதயத்துடிப்பு போன்ற தொடர் தரவுக்கு 40, ஆக 80 அழைப்பு. 3,840 எங்கே, 80 எங்கே.

பழைய வரலாறு வேண்டுமென்றால் மட்டும் பொறுமை தேவை. ஆளுக்கு 600 பதிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலாக எடுத்தால் ஒரு பக்கத்துக்கு 200 வீதம் ஆளுக்கு 3 அழைப்பு, மொத்தம் 120. ஒவ்வொரு பதிவின் முழு விவரமும் வேண்டுமென்றால் 24,000 அழைப்பு, நாளைக்கு 1,000 வீதம் 24 நாள். தூரம், நேரம், ஏற்றம், சராசரி வேகம் எல்லாம் பட்டியலிலேயே இருப்பதால் முழு விவரத்துக்குப் போவதற்கு முன் அது உண்மையில் தேவையா என்று பாருங்கள்.

கேள்வி: திங்கட்கிழமை விடியற்காலையில் ஓடியது ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் விழுகிறது. தனுஷ்கோடிப் பக்கம் ஓடிய சில பதிவுகள் பட்டியலிலேயே வருவதில்லை. – ராமேஸ்வரம், சைக்கிள் குழு

பதில்: இரண்டும் வெவ்வேறு பிழைகள்.

ஒவ்வொரு பதிவிலும் இரண்டு தொடக்க நேரம் இருக்கும். ஒன்று யுடிசி, மற்றது உள்ளூர் நேரம். காலை 5 மணிக்குக் கிளம்பினால் யுடிசியில் அது முந்தைய நாள் இரவு 11.30. நீங்கள் யுடிசியை எடுத்து நாள் பிரிக்கிறீர்கள். அதை மாற்றி உள்ளூர் நேரத்தை எடுக்கும்போது இன்னொரு கண்ணியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளூர் நேரத்தின் கடைசியிலும் யுடிசியைக் குறிக்கும் ‘இசட்’ எழுத்தை ஸ்ட்ராவா ஒட்டிவைக்கிறது. அதை நம்பி உங்கள் மொழியின் தேதி நூலகம் மேலும் ஐந்தரை மணி நேரம் கூட்டிவிடும். மாலை ஏழு மணிக்கு ஓடியது மறுநாளுக்குப் போய்விடும். அந்த எழுத்தை வெட்டிவிட்டுப் படியுங்கள்.

காணாமல் போவது தாமதமாக ஏறும் பதிவு. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை போகும் சாலையில் சிக்னல் சரியாக இருக்காது. கடிகாரத்தில் தங்கிய பதிவு ஊருக்குத் திரும்பிய பிறகோ, மறுநாளோதான் ஏறும். உங்கள் நிரல் ‘கடைசியாகப் பார்த்த பதிவின் தொடக்க நேரத்துக்குப் பிறகு’ என்று கேட்கிறது. அந்த வடிகட்டி ஓட்டம் தொடங்கிய நேரத்தைத்தான் பார்க்கும், ஏறிய நேரத்தைப் பார்க்காது. இடையில் வேறொரு பதிவு முந்திக்கொண்டால் பழையது நிரந்தரமாக விட்டுப்போகும். வெப்ஹுக் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை, ஏறிய கணத்தில் செய்தி வரும். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் ஏழு நாள் பின்னால் போய்க் கேளுங்கள். பதிவின் அடையாள எண்ணை வைத்து, ஏற்கெனவே எடுத்ததைத் தள்ளிவிடுங்கள்.

கேள்வி: பாம்பனில் ஓடிய தடத்தை வரைபடத்தில் போட்டால் வட துருவத்துக்குப் பக்கத்தில் கடலில் கிடக்கிறது! – பாம்பன் வாசகர்

பதில்: அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிவிட்டன. நமக்கு அட்சரேகை 9.3 வடக்கு, தீர்க்கரேகை 79.3 கிழக்கு என்ற அளவில் வரும். மாற்றிப் போட்டால் ஸ்வால்பார்டுத் தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் கடல். ஸ்ட்ராவா அட்சரேகையை முதலில் தருகிறது, வரைபடத் தரவுக்கான ஜியோஜேசன் வடிவம் தீர்க்கரேகையை முதலில் எதிர்பார்க்கிறது. திருப்பிக் கொடுத்தால் பாம்பனுக்கு வந்துவிடும்.

பாலத்தின் மேல் ஏற்றக் கணக்கு தாறுமாறாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். காற்றழுத்தமானி உள்ள கடிகாரம் என்றால் அதன் அளவையே ஸ்ட்ராவா எடுத்துக்கொள்ளும். இல்லாத கருவிக்குத் தன் உயர வரைபடத்தைப் பார்க்கும். அந்த வரைபடத்துக்குப் பாலம் தெரியாமல் கீழே உள்ள கடல் மட்டம் தெரிந்தால் நீங்கள் தண்ணீரில் ஓடியதாகத்தான் கணக்கு வரும். உங்கள் நிரலில் கோளாறு இல்லை, திருத்தப் போகவும் வேண்டாம்.

கேள்வி: வெப்பமும் ஈரப்பதமும் ஓட்ட வேகத்தை எப்படிக் குறைக்கின்றன என்று கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரி எங்கள் இறுதியாண்டுத் திட்டம். ஸ்ட்ராவா ஏபிஐயில் இருந்து தரவு எடுத்துப் பயிற்சி கொடுக்கலாமா? – ராமநாதபுரம், பொறியியல் மாணவர்கள்

பதில்: கூடாது. அதே 2024 திருத்தம் ஏபிஐ தரவைச் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்குப் பயிற்சியாகக் கொடுப்பதைத் தடுக்கிறது. பெயரை நீக்கிவிட்டோம், சராசரி மட்டும்தான் எடுத்தோம் என்பதும் எடுபடாது. பெயர் நீக்கிய, தொகுத்த வடிவில்கூட ஏபிஐ தரவைப் பகுப்பாய்வுக்குப் பயன்படுத்துவதை ஒப்பந்தம் தனியாகவே தடுத்திருக்கிறது.

உங்கள் திட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை, தரவு வரும் வழியை மாற்றுங்கள். ஸ்ட்ராவா கணக்கு வைத்திருக்கும் எவரும் தன் முழுத் தரவையும் ஒரு ஜிப் கோப்பாகக் கேட்டு வாங்கலாம். அதில் எல்லாப் பதிவுகளின் சுருக்கம் ஒரு சிஎஸ்வி கோப்பாகவும், கடிகாரத்தின் மூலக் கோப்புகள் தனிக் கோப்புறையிலும் இருக்கும். தன்னார்வலர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, அந்த மூலக் கோப்புகளை மட்டும் பெறுங்கள். முழு ஜிப்பையும் வாங்காதீர்கள், அதில் உங்களுக்குத் தேவையில்லாத சொந்த விவரங்கள் கிடக்கும். தடத்தின் முதல் 500 மீட்டரையும் கடைசி 500 மீட்டரையும் வெட்டிவிட்டால் வீடு எங்கே என்பது போய்விடும். உங்கள் ஆய்வுக்குத் தொடக்க நேரமும் தோராயமான இடமும்தான் வேண்டும். எண்ணிக்கை குறையும் என்று கவலைப்படாதீர்கள். யாருடைய கடிகாரம், எந்த வகை, மார்புப்பட்டை உண்டா என்றெல்லாம் தெரிந்த இருபது பேரின் தரவு, எதுவும் தெரியாத ஆயிரம் பேரின் தரவைவிட ஆய்வுக்கு உதவும்.

கேள்வி: எங்கள் குழு எந்தெந்தச் சாலையில் அதிகம் ஓடுகிறது என்று ஒரு ஒளிவரைபடம் போட்டால் என்ன? – உச்சிப்புளி வாசகர்

பதில்: ஏபிஐ தரவை வைத்துப் போட முடியாது, மேலே சொன்ன தொகுப்பு விதியே காரணம். உங்கள் ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்ட்ராவாவே வெளியிட்ட உலக ஒளிவரைபடத்தில் ராணுவ முகாம்களின் உள் பாதைகள் பளிச்சென்று தெரிந்தது 2018 ஜனவரியில் பெரிய செய்தியானது. வீரர்கள் முகாமுக்குள் ஓடிய ஓட்டமே அதைக் காட்டிக்கொடுத்தது. உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானத் தளம் இருக்கிறது. அந்தச் சுவரை ஒட்டி யார் எந்நேரம் ஓடுகிறார்கள் என்று தடம் திரட்டிக் காட்டும் எதையும் செய்யாமல் இருப்பதே நல்லது, தரவு எந்த வழியில் வந்திருந்தாலும்.

கேள்வி: பள்ளி ஓட்டப் பந்தயத்துக்குப் பயிற்சி எடுக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் கடிகாரக் கணக்கை இப்படி ஒரு செயலியில் சேர்க்கலாமா? – தேவிபட்டினம், உடற்கல்வி ஆசிரியர்

பதில்: ஐயா, வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழுள்ள எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்கள் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் வேண்டும். இருப்பிடமும் இதயத்துடிப்பும் சேர்ந்த தரவு சாதாரண மதிப்பெண் பட்டியல் மாதிரி அல்ல. பயிற்சிக்கு உங்களுக்கு வேண்டியது 400 மீட்டர் சுற்றின் நேரங்கள்தான். ஸ்டாப்வாட்ச்சும் ஒரு பதிவேடும் அதை இன்னும் துல்லியமாகத் தரும். கடிகார ஜிபிஎஸ் வட்டத் தடத்தில் வளைவுகளை வெட்டிக்கொண்டு போகும், சுற்றுக்குச் சுற்று தூரம் மாறும்.

கேள்வி: ஒருவர் குழுவை விட்டு விலகினால் அவர் தரவை எத்தனை நாள் வைத்திருக்கலாம்? – தொண்டி வாசகர்

பதில்: ஸ்ட்ராவாவில் அவர் இணைப்பைத் துண்டித்ததும் வெப்ஹுக்கில் ‘அனுமதி இல்லை’ என்று ஒரு செய்தி வரும். அது வந்தால் அவரது டோக்கனையும் தரவையும் அழித்துவிடுங்கள். ஒரு பதிவை மட்டும் அவர் அழித்தாலோ, மறைத்தாலோ உங்கள் பக்கத்திலும் 48 மணி நேரத்துக்குள் அது போக வேண்டும். ‘ஆக்டிவிட்டி:ரீட்’ மட்டும் வாங்கியிருந்தால், பதிவை ‘எனக்கு மட்டும்’ என்று அவர் மாற்றும்போது உங்களுக்கு அழிப்புச் செய்தியாகவே வரும். அதை அப்படியே எடுத்துக்கொண்டு அழியுங்கள், தவறுதலாக வந்தது என்று எண்ணிவிடாதீர்கள். தற்காலிகமாக இழுத்து வைக்கும் எந்தத் தரவும் ஏழு நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்ற விதியும் உண்டு. இவற்றோடு டேட்டாபேஸின் இரவுக் காப்புப் பிரதிகளையும் நினைவில் வையுங்கள். மேலே அழித்தது, காப்பிலிருந்து மீட்கும் அன்று உயிரோடு திரும்பி வந்துவிடும். அழித்த எண்களின் பட்டியல் ஒன்றைத் தனியே வைத்து, மீட்ட பிறகு அதை ஒருமுறை ஓட்டுங்கள்.

கேள்வி: இவ்வளவு கெடுபிடி என்றால் கூகுள் ஃபிட், ஃபிட்பிட் பக்கம் போகலாமா? – சாயல்குடி வாசகர்

பதில்: கூகுள் ஃபிட் ஏபிஐக்கு 2024 மே 1 முதல் புதிய டெவலப்பர்களைச் சேர்ப்பதில்லை, அந்தக் கதவு மூடிவிட்டது. அதற்குப் பதிலாக வந்திருப்பது ஹெல்த் கனெக்ட். ஆண்ட்ராய்டு 14 முதல் போனோடே வருகிறது. தரவு பயனரின் போனிலேயே இருக்கும், உங்கள் செயலி அந்தப் போனில் இருந்தால்தான் படிக்க முடியும். அனுமதி கொடுத்த நாளிலிருந்து 30 நாள் பின்னோக்கித்தான் இயல்பாகக் கிடைக்கும், அதற்கு முந்தையதற்குத் தனி அனுமதி கேட்க வேண்டும். பிளே ஸ்டோரில் ஏற்றும்போது எந்த வகைத் தரவு எதற்கு என்று விளக்கம் கேட்பார்கள்.

ஃபிட்பிட்டின் வலை ஏபிஐ வரம்பு வேறு மாதிரி: ஒரு பயனருக்கு மணிக்கு 150 அழைப்பு. ஆள் கூடினால் வரம்பும் கூடுகிறது என்பதால் ஸ்ட்ராவாவைவிடத் தாராளம். நிமிட வாரியான இதயத்துடிப்பு வேண்டுமென்றால், ‘பெர்சனல்’ என்று பதிவு செய்த செயலிக்கு உங்கள் சொந்தக் கணக்கின் தரவு மட்டும் தானாகக் கிடைக்கும். மற்றவர்களுடையதற்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் ஒருவர் கணக்குதான் தேவை. அப்படியானால் ஸ்ட்ராவாவே போதும். ஒரு பயனர் வரம்பு உங்களைத் தொடாது, பரிசீலனைப் படிவமும் வேண்டாம், நாளைக்கு 1,000 அழைப்பில் 10கூடச் செலவாகாது.